மூட்டை மேல் ஓர் இதயக் குறி

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் கூனிமேடு வரும். இன்னும் வடக்கே மரக்காணம். பாத்தி பாத்தியாக உப்பளம், மேட்டில் வெள்ளை அம்பாரங்கள். காரில் போகிறவர்கள் செல்ஃபி எடுக்க நிறுத்துவது உப்பளத்தில்தான். கூனிமேட்டில் நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

1682இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தோன்றியது. அந்த ஆண்டு அது இங்கே ஒரு பண்டகசாலை வைத்தது. கம்பெனிக் குறிப்புகளில் ஊரின் பெயர் 'கானிமீர்'. இத்தகைய இடத்தை அன்றைய ஆங்கிலத்தில் 'ஃபாக்டரி' என்றார்கள். புகைபோக்கியும் இயந்திரமும் மனதில் வர வேண்டாம். 'ஃபாக்டர்' எனப்பட்ட வணிக ஏஜென்ட் தங்கி, சரக்கு வாங்கிச் சேர்த்துக் கப்பலுக்கு அனுப்பும் இடம், அவ்வளவுதான். சோழமண்டலக் கரையில் கம்பெனி தேடி வந்த சரக்கு முக்கியமாகத் துணி. 1690இல் கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். அதன்பின் வியாபாரம் அந்தப் பக்கம் சாய்ந்தது; கூனிமேடு மங்கியது.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுபவன். பொருட்களில் ஒட்டியிருக்கும் ஆர்எஃப்ஐடி டேக்குகளை வாசலில் இருக்கும் ரீடர் படிக்கும். படித்ததை எடுத்து நிறுவனத்தின் கணக்கில் சேர்ப்பது என் நிரல். எங்கள் துறையில் இந்தக் கதையை 1999இல் அமெரிக்காவில் ஆரம்பிப்பார்கள். அதையே கூனிமேட்டிலிருந்து ஆரம்பித்தால் வேறு ஒன்று தெரிகிறது. பொருளின் மேல் அடையாளம் போடுவது எல்லாக் காலத்திலும் முடிந்திருக்கிறது. அந்த அடையாளத்தைப் படித்தவன் எழுதிக்கொண்ட குறிப்பை யாருக்குக் காட்டுவது என்பதுதான் எல்லாக் காலத்திலும் தகராறு.

இதயமும் புலியும்

கம்பெனியின் துணி வியாபாரம் நடந்த விதத்தைப் பார்ப்போம். லண்டனிலிருந்து பட்டியல் வரும்: இன்ன ரகம், இத்தனை நீளம், இத்தனை உருப்படி. சென்னையிலோ கூனிமேட்டிலோ இருக்கும் ஏஜென்ட் உள்ளூர் வணிகர்களுக்கு முன்பணம் கொடுப்பார். வணிகர் தரகருக்கு, தரகர் நெசவாளருக்கு. பணம் கீழே இறங்கும், துணி மேலே ஏறும். வந்த துணியை மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பார்கள். தேறியது மூட்டையாகும். மூட்டைக்கு எண் போட்டு, கம்பெனிக் குறி பொறித்து, விவரப் பட்டியலைக் கப்பலோடு அனுப்புவார்கள். கப்பல் மூழ்கினாலும் கணக்கு மூழ்கக்கூடாது என்று பட்டியலின் நகல் வேறொரு கப்பலில் போகும். இன்றைய மொழியில் சொன்னால் பேக்கப்.

அந்தக் குறி பதினெட்டாம் நூற்றாண்டில் நிலைபெற்ற வடிவம் அழகானது. ஓர் இதயம், அதை நான்காகப் பிரித்து உள்ளே கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகள், உச்சியில் 4 போன்ற ஒரு கோடு. மூட்டைகளுக்காக உண்டான குறி பிறகு காசிலும் ஏறியது. 1794இல் சென்னை மாகாணத்துக்காக அடித்த 1/48 ரூபாய்ச் செப்புக்காசில் அதைப் பார்க்கலாம்.

அந்த இதயத்தைப் பார்த்த துறைமுகக் கூலிக்கும், மாலுமிக்கும், லண்டன் கிடங்கு எழுத்தருக்கும் மூட்டை யாருடையது என்று தெரியும். எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டால் உள்ளே என்ன என்று தெரியும். லண்டன் ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்று கம்பெனிக்குத் தெரியும். நெசவாளருக்கு? தான் வாங்கிய முன்பணம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பது மட்டும் தெரியும். அவர் நெய்த துணி எந்த மூட்டைக்குள் போனது, என்ன விலை பெற்றது என்ற செய்தி திரும்பி வரும் வழியே அந்த அமைப்பில் கிடையாது. அடுத்த பட்டியலில் அவருடைய ரகம் குறைந்திருந்தால், விற்கவில்லை போலிருக்கிறது என்று ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதைக் கம்பெனியின் தனிக் கொடுமை என்று எழுதிவிடலாம். ஆனால் வழக்கம் பழையது. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் 'பட்டினப்பாலை'யில் துறைமுகத்துக்கு வரும் சரக்கிலும் போகும் சரக்கிலும் சோழனின் புலி இலச்சினையைப் பொறித்து அனுப்பும் காட்சி இருக்கிறது. வரி கொண்டாயிற்று, போகலாம் என்பதற்கு அடையாளம் அந்தப் புலி. கதவருகே நிற்பவர் பொறிக்கிறார், கதவருகே நிற்பவரே படிக்கிறார்.

அதே பழங்காலத்திலிருந்து இன்னொரு சான்றும் உண்டு. அது இன்று வியன்னாவில் இருக்கிறது. முசிறிப் பாப்பிரஸ் என்று பெயர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது, 1985இல் பதிப்பிக்கப்பட்டது. முசிறி வணிகத்துக்காகக் கடன் வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் பகுதி ஒரு பக்கம். 'ஹெர்மபொல்லோன்' என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்புக் கணக்கு மறுபக்கம். சரக்கு செங்கடல் கரையில் இறங்கிய பிறகு பாலைவனம் வழியாகக் கோப்டோஸ் நகரின் வரிக் கிடங்குக்கும், அங்கிருந்து நைல் ஆற்றில் அலெக்ஸாண்டிரியாவின் வரிக் கிடங்குக்கும் போக வேண்டும். அந்தந்தக் கட்டத்தில் சரக்கு யார் பொறுப்பில், யார் முத்திரையின் கீழ் இருக்கும் என்று ஒப்பந்தம் எழுதி வைக்கிறது. கிடங்கில் அது கடன் கொடுத்தவர் தரப்பின் முத்திரைக்குள் இருக்க வேண்டும். கடனைத் தீர்க்கும்வரை முத்திரையை உடைக்கும் உரிமை கடன் வாங்கியவருக்கு இல்லை.

புலியைப் பற்றி வணிகரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பாப்பிரஸில் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி எழுதியிருக்கிறார்கள். வாசலில் நிற்பவர் வைப்பது முதல் வகை. கைமாற்றிக்கொள்பவர்கள் தமக்குள் வைத்துக்கொள்வது இரண்டாம் வகை. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போகலாம்.

உப்புக்கு ஒரு பர்மிட்

1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைக் கம்பெனி அரசு தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. உப்பு விளைவிப்பவர் அரசுக்கே கொடுக்க வேண்டும். அரசு வைத்த விலைக்கு அரசு விற்கும். பிறகு விளைவிப்பவரே விற்கலாம், ஆனால் தீர்வை கட்ட வேண்டும் என்ற எக்சைஸ் முறை வந்தது. 1889இல் சென்னை உப்புச் சட்டம். உரிமம் இல்லாமல் உப்பு விளைவிப்பது குற்றம். பர்மிட் இல்லாமல் அளத்தைவிட்டு உப்பை வெளியே எடுப்பது குற்றம். மழை ஓய்ந்து உப்பங்கழியில் தானாகப் பூத்துக் கிடக்கும் உப்பை அள்ளுவதும் குற்றம். 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் வேதாரண்யத்தில் அள்ளியது அதைத்தான்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? 1888இல் ஒரு மணங்கு உப்புக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, தீர்வை இரண்டரை ரூபாய். அதை விளைவிக்க ஆகும் செலவு சில அணாக்கள். விலையைவிட வரி பல மடங்கு இருக்கும் பொருளைக் கடத்த எல்லாருக்கும் ஆசை வரும். அதனால் ஒவ்வொரு அம்பாரமும் எண்ணப்பட்டது, எடை போடப்பட்டது, காவல் வைக்கப்பட்டது. 1876–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக நீட்டிக்கப்பட்ட பக்கிங்காம் கால்வாயின் தென்முனை மரக்காணம்தான். விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் அதில் சென்னைக்குப் போயின. அந்தப் படகில் ஒவ்வொரு உப்பு மூட்டைக்கும் பின்னால் ஒரு காகிதம் இருந்தது: எந்த அளம், எத்தனை மணங்கு, தீர்வை கட்டியாயிற்றா.

யோசித்துப் பாருங்கள். இந்தக் கரையில் விளைந்த ஒரு பொருள் எங்கிருந்து கிளம்பியது, எவ்வளவு கிளம்பியது என்பதற்கு இவ்வளவு துல்லியமான ஏடு அதற்கு முன்னால் இருந்ததில்லை. அதில் எழுதப்பட்டதெல்லாம் ஒரே திசையில், மேல்நோக்கிப் போனது. சென்னையில் உப்பு எந்த மாதம் அதிகம் விற்கிறது, எந்த அளத்து உப்புக்குக் கிராக்கி என்பது மரக்காணத்தில் பாத்தி மிதிப்பவருக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய தகவல். ஏடு அவருக்காக வைக்கப்பட்டது இல்லை.

உப்புவரி 1947இல், சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பு, இடைக்கால அரசால் நீக்கப்பட்டது. இன்று ஜிஎஸ்டியில் உப்புக்கு வரி பூஜ்யம். இ-வே பில் விதிகளிலும் அதற்கு விலக்கு. ஒரு நூற்றாண்டுக்கு மேல் காகிதம் இல்லாமல் நகர முடியாதிருந்த பொருள் இன்று மின்னணுச் சீட்டுகூட இல்லாமல் நகரலாம். இதைப் படிக்கும்போது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்ச நேரம்தான் நின்றது. உப்பை யாரும் பின்தொடரவில்லை, சரி. லாரியின் கண்ணாடியில் ஒட்டியிருப்பது என்ன?

ஒரு எண், ஆயிரம் ஏடு

லாரிக் கண்ணாடியில் இருக்கும் ஃபாஸ்டேக் ஓர் ஆர்எஃப்ஐடி டேக்தான். உள்ளே பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே மின்சாரம் எடுத்து, அந்த அலையையே கொஞ்சம் மாற்றித் திருப்பி அனுப்பும். 1948இல் ஹாரி ஸ்டாக்மேன் எழுதிய ஆய்வுக் கட்டுரை, திருப்பி அனுப்பப்படும் அலையைக் கொண்டே தகவல் சொல்லலாம் என்று காட்டியது. அது கைக்கடக்கமாகவும் விலை குறைவாகவும் ஆக ஐம்பது ஆண்டுகள் பிடித்தன.

1999இல் எம்ஐடியில் ஆட்டோ-ஐடி மையம் தொடங்கியது. பிராக்டர் அண்ட் கேம்பிளில் வேலை பார்த்த கெவின் ஆஷ்டன் தன் நிறுவனத்தின் லிப்ஸ்டிக் கடை அலமாரியில் அடிக்கடி தீர்ந்துபோவதையும், தீர்ந்தது யாருக்கும் தெரியாமலிருப்பதையும் பார்த்து இந்த வழிக்கு வந்தவர். ஐஐடி கான்பூரில் படித்த சஞ்சய் சர்மா மையத்தை நிறுவியவர்களில் ஒருவர். அவர்கள் எடுத்த முக்கியமான முடிவு இது: டேக்குக்குள் எதையும் எழுதாதே, ஓர் எண்ணை மட்டும் வை. தயாரிப்பாளர் யார், பொருள் எது, அந்தப் பொருளில் இது எத்தனையாவது உருப்படி என்று சொல்லும் எண். மற்ற விவரமெல்லாம் நெட்வொர்க்கில் இருக்கட்டும். டேக் மலிவாகும், விலை ஐந்து சென்ட்டுக்கு வரும் என்பது கனவு.

டேக் மலிவானது. கேள்வி நெட்வொர்க்குக்கு இடம் மாறியது. எண்ணை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அந்த எண் எங்கெங்கே போயிற்று என்ற வரலாறு வெவ்வேறு நிறுவனங்களின் சர்வர்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அந்தத் துண்டுகளைச் சேர்க்க 2007 ஏப்ரலில் இபிசிஐஎஸ் என்ற தரநிலை வந்தது. பெயரை மறந்துவிடலாம். அது கேட்பது நான்கே கேள்விகள்: எந்தப் பொருள், எங்கே, எப்போது, எதற்காக. 'இந்த எண்ணுள்ள பெட்டி, இந்தக் கிடங்கில், காலை 10:42க்கு, அனுப்புவதற்காக வெளியே போனது.' ஒவ்வொரு நிறுவனமும் தன் ஏட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். இன்னொருவர் கேட்டால், விரும்பினால், பதில் சொல்லும். புலி இல்லாமல் பாப்பிரஸ் முறையில் உலகம் முழுவதையும் இணைக்கும் ஆசை என்று இதைச் சொல்லலாம்.

சரி, யாரிடம் கேட்பது? ஓர் உப்பு மூட்டையை எடுத்துக்கொள்வோம். (ஈர உப்பு ரேடியோ அலையை நன்றாக விழுங்கும், டேக் சரியாகப் படிக்காது. அதை இப்போதைக்கு விடுவோம்.) அளக்காரரிடமிருந்து வியாபாரி, வியாபாரியிடமிருந்து அயோடின் சேர்க்கும் ஆலை, அங்கிருந்து மொத்தக்கடை, பிறகு மளிகைக்கடை. மளிகைக்கடைக்காரருக்கு மொத்தக்கடை மட்டும் தெரியும். மூட்டையில் ஏதோ கலப்படம் என்றால் அவர் கேட்கக்கூடியது ஒரு படி பின்னால் இருப்பவரை. ஐரோப்பிய உணவுச் சட்டமே 2002இல் அவ்வளவுதான் கேட்டது: ஒரு படி முன், ஒரு படி பின். முழுச் சங்கிலியும் தெரிய வேண்டுமென்றால், இந்த எண்ணை யார் யாரெல்லாம் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லும் ஒரு பொதுப் பட்டியல் வேண்டும். இதற்கு டிஸ்கவரி சர்வீஸ் என்று பெயர் வைத்து, வரைவுகள் எழுதி, ஆய்வுத் திட்டங்கள் நடத்தினார்கள். தரநிலையாக அது வெளிவரவே இல்லை.

காரணம் கணினியில் இல்லை. மரக்காணத்து வியாபாரி ஒருவரிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். யாரிடம் சரக்கு இருக்கிறது, யாருக்கு அது வேண்டும் என்ற இரண்டு தகவல்தான் இடையில் நிற்பவருக்கு முதல். 'இந்த மூட்டையை இன்னாரும் பார்த்திருக்கிறார்' என்று ஒரு பட்டியல் சொன்னாலே போதும். விலையோ அளவோ சொல்லக்கூட வேண்டாம். அடுத்த முறை ஆலைக்காரர் நேராக அளத்துக்குப் போய்விடுவார்.

வெறும் எண்ணே காட்டிக்கொடுக்கும் என்பதற்கு இரண்டாம் உலகப்போரில் ஓர் உதாரணம் உண்டு. கைப்பற்றிய ஜெர்மன் டாங்கிகளின் வரிசை எண்களை வைத்து நேச நாடுகளின் புள்ளியியலாளர்கள் மாத உற்பத்தியைக் கணித்தார்கள். 1942 ஆகஸ்டுக்கு அவர்கள் கணித்தது 327. உளவுத்துறை சொன்னது 1,550. போருக்குப் பின் ஜெர்மன் ஆவணங்களில் இருந்தது 342. ரகசியம் என்று யாரும் நினைக்காத வரிசை எண் உற்பத்தி முழுவதையும் சொல்லிவிட்டது. இதை அறிந்த முதலாளி எவர் தன் எண்களைப் பொதுப் பட்டியலில் கொட்டுவார்?

எங்கே ஓடுகிறது?

அப்படியானால் இந்தப் பகிர்வு எங்குமே நடக்கவில்லையா? நடக்கிறது. வற்புறுத்தும் பலம் ஒருவர் கையில் இருக்கும் இடங்களில் நன்றாகவே நடக்கிறது.

2003 ஜூனில் வால்மார்ட், தன் முதல் நூறு சப்ளையர்கள் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளிலும் பேலட்டுகளிலும் டேக் ஒட்ட வேண்டும் என்று அறிவித்தது. டேக்கின் செலவு சப்ளையர் தலையில். திட்டம் அன்று நினைத்த வேகத்தில் போகவில்லை. ஆனால் பிறகு ஆடைத் துறையில் ஆர்எஃப்ஐடி வேரூன்றியது. ஜாராவை நடத்தும் இன்டிடெக்ஸ் 2014இல் தன் கடைகளில் அதைக் கொண்டுவருவதாக அறிவித்தது. டெகத்லானின் லேபிளுக்குள் இருப்பதும் அதுதான். 2022இல் வால்மார்ட் தன் கட்டாயத்தை வீட்டு உபயோகப் பொருட்கள் வரை நீட்டியது. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: தன் கடைகளில் டேக் எங்கே படிக்கப்பட்டது என்பதை வால்மார்ட் தன் ரீடெய்ல் லிங்க் தளத்தில் சப்ளையர்களுக்குக் காட்டியது. காட்டலாமா, எதுவரை காட்டலாம் என்று முடிவெடுத்ததும் அதுவே.

சில ஆண்டுகளுக்கு முன்பு மேற்குத் தமிழ்நாட்டில் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு இதே வேலையாகப் போயிருந்தேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் சொன்ன டேக், சொன்ன இடத்தில், சொன்ன எண்ணோடு தைக்கப்பட வேண்டும். பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்தவர் கூட்டத்தில் கேட்டார்:

"தம்பி, டேக் நம்ம காசு, தைக்கிறது நம்ம ஆளு. எந்த ஊர்க் கடையில எது வித்துச்சுன்னு அந்த மெஷின் சொல்லும்ல? அது நமக்கு எப்ப தெரியும்?"

வாடிக்கையாளர் தரப்பில் வந்திருந்தவர் சிரித்தார். "அடுத்த ஆர்டர் வரும்போது தெரியும்ணே."

எல்லாரும் சிரித்தார்கள், கேட்டவர் உட்பட. 1682இன் நெசவாளருக்குத் தெரிந்ததும் அதே வழியில்தான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. கூனிமேட்டைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது.

வற்புறுத்தும் பலம் வாடிக்கையாளரிடம் இல்லாத இடத்தில் அரசிடம் இருக்கிறது. 2016இல் மும்பைக்கு அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் தொடங்கியது. இந்திய அரசுத் தரப்பும் ஜப்பானின் என்இசி நிறுவனமும் சேர்ந்து நடத்துவது. துறைமுகத்தில் கன்டெய்னரில் ஒரு டேக் மாட்டுவார்கள். வழியில் சுங்கச்சாவடியிலும் உள்நாட்டுக் கன்டெய்னர் கிடங்கிலும் அது படிக்கப்படும். பிறகு சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கும் வந்தது. கன்டெய்னர் எண் தெரிந்த எவரும் இணையத்தில் அது எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். சரக்கை அனுப்பிய சின்ன ஏற்றுமதியாளரும் பார்க்கலாம் என்பதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. முன்பு அதற்கு நாலு பேருக்குப் போன் போட வேண்டியிருந்தது.

இதே காலத்தில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐபிஎம்மும் 2018இல் டிரேட்லென்ஸ் என்ற பகிர்வுத் தளத்தைத் தொடங்கின. பிளாக்செயின் உள்பட எல்லாத் தொழில்நுட்பமும் இருந்தது. போட்டி நிறுவனங்கள் சிலவும் சேர்ந்தன. 2022 நவம்பரில், உலக அளவில் தேவையான முழு ஒத்துழைப்பு கிடைக்கவில்லை என்று சொல்லி மூடுவதாக அறிவித்தார்கள். போட்டியாளரின் வீட்டுத் திண்ணையில் தன் கணக்கு நோட்டை யார் வைப்பார்கள்? இந்தியத் துறைமுகத்தின் டேக் ஓடுகிறது, ஏனென்றால் அங்கே யாருடைய சம்மதமும் கேட்கப்படவில்லை. அது படிப்பது பெட்டியின் எண்ணை மட்டும், உள்ளே இருப்பதை இல்லை. வாசலில் மாட்டப்படுகிறது, வாசலில் படிக்கப்படுகிறது. அது காவிரிப்பூம்பட்டினத்துப் புலியின் பேரன்.

ஃபாஸ்டேக்கும் அப்படியே. 2021 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் கட்டாயமானது. அதே ஆண்டில் அதன் பதிவுகள் இ-வே பில் அமைப்போடு இணைக்கப்பட்டன. சரக்கு வண்டி எந்தச் சாவடியை எப்போது தாண்டியது என்று வரி அதிகாரி பார்க்க முடியும். 2022 செப்டம்பரில் தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கையோடு யூலிப் என்ற தளம் வந்தது. வாகனப் பதிவு, ஃபாஸ்டேக், கன்டெய்னர் டேக் என்று அரசிடம் தனித்தனியாக இருந்த ஏடுகளை நிறுவனங்கள் ஒரே இடத்தில் கேட்டுப் பெறும் வழி அது. மென்பொருள் எழுதுபவனாக எனக்கு இது பிடித்திருக்கிறது. ஒரு கேள்விக்கு ஒரு பதில், நொடிக்குள். 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிமனிதரின் தகவலைப் பற்றியது. வணிகத் தகவலுக்கு அதில் இடமில்லை. ஆகவே இந்த ஏட்டை யார் படிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வாசலை நடத்துபவரின் விதிகளே.

திரும்பி வரும் வழி

வீட்டில் இருக்கும் உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பார்கோடு 890 என்று தொடங்கினால், எண் இந்தியாவில் பதிவானது. அடுத்த இலக்கங்கள் பிராண்டு வைத்திருக்கும் நிறுவனத்தைக் காட்டும். உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கும். எந்த அளத்து உப்பு என்பது அந்த எண்களில் இல்லை. 1889இன் பர்மிட்டில் இருந்த தகவல் 2020களின் பாக்கெட்டில் இல்லை! வேண்டுமென்று யாரும் அழிக்கவில்லை. நிறுவன எண்ணைக் கட்டணம் கட்டிப் பெற வேண்டும். நாலு பாத்தி வைத்திருப்பவர் அதைப் பெறப்போவதில்லை. எண் இல்லாதவர் உலகச் சங்கிலியின் எந்த ஏட்டிலும் ஒரு வரியாகக்கூட வரமாட்டார். ஐரோப்பாவும் அமெரிக்காவும் மூலம் தெரியாத பொருளை வாங்குவதைச் சட்டம் போட்டுக் குறைத்துக்கொண்டு வருகின்றன. நாளை இங்கேயும் அது வந்தால், ஏட்டில் இல்லாத உப்பு விலை குறைந்த உப்பாகிவிடும். பாத்தியில் காலை நான்கு மணிக்கு இறங்குகிறவருக்கு இது தொழில்நுட்ப விவாதம் இல்லை.

டேக்குகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புலி பொறிக்காமல் துறைமுகம் ஓடாது. ஆனால் எங்கள் துறையின் ஆவணங்களிலேயே ஒரு சின்ன விஷயம் கவனிக்கப்படாமல் கிடக்கிறது. டேக்கில் இருக்கும் எண்ணின் முதல் பகுதி தயாரித்தவரைக் குறிக்கிறது. அந்த எண்ணிலிருந்து தயாரித்தவரின் சர்வரைக் கண்டுபிடிக்க ஓஎன்எஸ் என்று ஒரு வழியை ஆரம்பத்திலேயே போட்டார்கள். 2004இல் அதன் தலைமைச் சர்வரை வெரிசைன் நிறுவனம் நடத்தியது. எதற்காக? படிப்பவர் தயாரித்தவரிடம் போய் 'இது என்ன பொருள்?' என்று கேட்பதற்காக. அந்தப் பாதையிலேயே ஒரு செய்தி எதிர்த்திசையில் போகலாம்: 'உன் பொருளை இன்ன தேதியில் படித்தேன்.' நிரலாக எழுதினால் ஒரு வாரத்து வேலை. ரகசியம் காக்க வேண்டுமென்றால் ஊரின் பெயரை விட்டுவிட்டு மாநிலத்தை மட்டும் சொல்லலாம், வாங்கியவர் பெயரை மறைக்கலாம், ஒரு மாதம் தாமதித்துச் சொல்லலாம். முசிறி ஒப்பந்தக்காரர்கள் எந்தக் கிடங்கில் யார் முத்திரை என்று உட்கார்ந்து பேசியது போல இதையும் பேசலாம்.

யாரும் பேசாததற்குக் காரணம், பேச வேண்டிய மேஜையில் டேக்கைப் படிப்பவர்கள் மட்டுமே உட்கார்ந்திருப்பதுதான். தரநிலைக் குழுக்களில் வால்மார்ட்டுக்கும் பிராக்டர் அண்ட் கேம்பிளுக்கும் நாற்காலி உண்டு. ஆடை தைப்பவருக்கும் உப்பு வாருபவருக்கும் அங்கே நாற்காலி போட வேண்டுமென்றால் அவர்கள் சங்கமாகவோ கூட்டுறவாகவோ சேர்ந்து ஓர் எண்ணாவது வாங்கியிருக்க வேண்டும். மரக்காணத்துச் சின்ன உற்பத்தியாளர்கள் சேர்ந்து ஒரே எண்ணைப் பெற்று, மூட்டையில் அளத்தின் பெயரோடு அதை அச்சிட்டால், ஆர்எஃப்ஐடி கூட வேண்டாம், ஒரு க்யூஆர் கோடு போதும். அப்போது அந்த மூட்டை எங்கே படிக்கப்பட்டாலும் செய்தி திரும்பி வருவதற்கு ஒரு முகவரியாவது இருக்கும்.

அந்தப் பேக்கிங் பிரிவு மூத்தவர் கேட்ட கேள்வியை நான் இப்போது ஒவ்வொரு புதிய வேலையின் தொடக்கத்திலும் எழுதிவைக்கிறேன். படித்த தகவல் யார் யாருக்குப் போகும் என்று வாடிக்கையாளர் கொடுக்கும் பட்டியலில், பொருளைச் செய்தவர் பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறேன். பெரும்பாலும் இருப்பதில்லை. "இதைச் சேர்க்கலாமா?" என்று கேட்கிறேன். இதுவரை ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.